அட்டாரி 50 ரிவ்யூ: டைம்லைன்ல இருந்து ஆரம்பிங்க

முதல்லயே சொல்லிடறேன். வீடியோ கேம்ஸ் எங்க ஆரம்பிச்சுது, யார் யார் பண்ணாங்க, 1983ல அமெரிக்கால மொத்த மார்க்கெட்டும் ஏன் படுத்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கறவங்க அட்டாரி 50ஐ, அதாவது அட்டாரிங்கற பழைய அமெரிக்க கேம் கம்பெனியோட கேம் தொகுப்பை, தாராளமா வாங்கலாம். நூறு பழைய கேம் மொத்தமா கிடைக்குதேன்னு மட்டும் பாத்து வாங்கினா, பாதி கேம் ரெண்டு நிமிஷத்துல போரடிச்சுடும், காசு தண்டம்னு தோணும். ஏன்னா உள்ள போனதும் ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு எல்லா கேமும் வரிசையா நிக்கற லிஸ்ட், இன்னொண்ணு டைம்லைன். டைம்லைன்தான் இந்த பொருளோட உயிர்.

2022 நவம்பர்ல, அட்டாரி கம்பெனி ஆரம்பிச்சு 50 வருஷம் ஆனதுக்காக வந்தது. பண்ணது டிஜிட்டல் எக்லிப்ஸ், பழைய கேம்ஸை இந்தக் கால மெஷின்ல ஓட வைக்கறதுல ரொம்ப வருஷ அனுபவம் உள்ள ஸ்டூடியோ, அப்போ தனியா இருந்தாங்க, 2023ல அட்டாரியே வாங்கிடுச்சு. ஸ்டீம், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாத்துலயும் கிடைக்குது.

நம்ம ஊர்ல 90கள்ல டிவி கேம்னு கடைல வித்ததெல்லாம் பெரும்பாலும் நின்டெண்டோ ஃபேமிகாமோட காப்பி, அந்த மஞ்ச கேட்ரிஜ், 9999 இன் 1னு ஒட்டியிருக்கும், உள்ள மரியோ, கான்ட்ரா. அதனால நம்மள்ல நிறைய பேருக்கு வீடியோ கேம் சரித்திரமே மரியோல இருந்துதான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு பத்து பன்னெண்டு வருஷம் இருக்கு, அங்கதான் எல்லா அடிப்படையும் போட்டாங்க, அந்தக் காலத்தை இவ்வளவு பக்கத்துல போய் காட்டற இன்னொரு பொருளை நான் பாக்கலை.

டைம்லைன் எப்படி வேலை செய்யுதுன்னா, மொத்தம் அஞ்சு பாகம், ஆர்கேட்ல (கடைல காசு போட்டு ஆடற மெஷின்) ஆரம்பிச்சு, வீட்டு கன்சோல், ஏற்ற இறக்கம், கம்ப்யூட்டர், கடைசில 90கள். ஒவ்வொண்ணுலயும் பக்கவாட்டுல நகந்துட்டே போகணும், வழியில அந்தக் காலத்து விளம்பரத் தாள், ஆபீஸ் குறிப்பு, கேபினெட் டிசைன், மேனுவல் ஸ்கேன், அந்த கேமை பண்ணவங்களோட வீடியோ பேட்டி. நடுவுல ஒரு கேம் வந்தா அங்கயே ஒரு பட்டன் அமுக்கி ஆடலாம், ஆடி முடிச்சு வெளிய வந்தா விட்ட இடத்துலயே நிப்பீங்க. சொல்றதுக்கு சின்ன விஷயம், ஆனா இதனாலதான் மொத்த அனுபவமும் வேற ஆகுது. ஒருத்தர் தான் பண்ண கேமைப் பத்தி பேசறார், அடுத்த நிமிஷம் அதே கேம் உங்க கைல.

பாங்ங்கற கேமை எடுத்துக்கோங்க. 1972. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ரெண்டு பேரும் அட்டாரி ஆரம்பிச்சு, அல் ஆல்கார்ன்னு ஒரு இஞ்சினியரை வேலைக்கு எடுக்கறாங்க. கை பழகட்டும்னு புஷ்னெல் அவருக்கு ஒரு பிங்பாங் கேம் பண்ணச் சொல்றார், ஜெனரல் எலெக்ட்ரிக் கேட்டிருக்காங்கன்னு ஒரு பொய்யும் சேத்து. ஆல்கார்ன் அதை சும்மா பண்ணி வைக்கலை. மட்டையை எட்டு பகுதியா பிரிச்சார், நடுவுல பட்டா பந்து நேரா போகும், ஓரத்துல பட்டா சரிவா போகும். ரொம்ப நேரம் தட்டிட்டே இருந்தா பந்து வேகமாகும். மட்டை ஸ்க்ரீனோட மேல் விளிம்பு வரைக்கும் போகாது, அது சர்க்யூட்ல இருந்த ஒரு குறை, சரி பண்ணியிருக்கலாம், ஆனா அந்த இடைவெளி இல்லைன்னா ரெண்டு நல்ல ஆட்டக்காரங்க ஆடினா கேம் முடியவே முடியாதுன்னு அப்படியே விட்டுட்டார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாங் ஆடிப் பாருங்க. வேணும்னே மட்டையோட ஓரத்துல பந்தை வாங்கி, எதிராளி எட்ட முடியாத அந்த மேல் மூலைக்கு அனுப்பப் பாப்பீங்க. அம்பது வருஷம் முன்னாடி சன்னிவேல்ல ஆண்டி காப்ஸ் டாவர்ன்ங்கற பார்ல முதல் மெஷினை வச்சப்போ அங்க வந்தவங்க கத்துக்கிட்டதும் இதேதான். சில நாள்ல மெஷின் வேலை செய்யலைன்னு போன் வந்து ஆல்கார்ன் போய் திறந்து பாத்தா, காசு விழற டப்பா நிரம்பி வழிஞ்சு, அதனால நின்னு போயிருக்கு.

டெக்னிக்கலா இன்னொரு விஷயமும் உண்டு. பாங்ல பிராசஸர் கிடையாது, ப்ரோக்ராமும் கிடையாது, எல்லாமே லாஜிக் சிப்புகளை ஒயர் போட்டு இணைச்சது. மத்த பழைய கேமை எமுலேட்டர்ல, அதாவது பழைய மெஷின் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்ல, ஓட்டற மாதிரி இதை ஓட்ட முடியாது, ஓட்டறதுக்கு ப்ரோக்ராமே இல்லையே. அதனால அது எப்படி நடந்துக்குமோ அதை திரும்ப உக்காந்து கட்டியிருக்காங்க.

அடுத்து வீட்டு கன்சோல். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம் இது. 1976ல வார்னர் கம்பெனி அட்டாரியை 2.8 கோடி டாலருக்கு வாங்குது, அந்தப் பணத்துலதான் 1977ல விசிஎஸ் வெளிய வருது, பின்னாடி 2600ன்னு பேர் மாறின அதே மெஷின். ராம் 128 பைட். கேபி இல்ல, பைட். யூனிகோட்ல ஒரு தமிழ் குறிக்கு 3 பைட், அப்ப அந்த மெமரில 42 குறிதான் அடங்கும், நம்ம ஃபேமிலி க்ரூப்ல வர்ற ஒரு காலை வணக்கம் மெசேஜ்கூட அதுல நிக்காது. படத்தை முழுசா வச்சுக்க இடமே இல்லாததால, டிவியோட ஒவ்வொரு கோடும் வரையப்படற அந்த நேரத்துக்குள்ள அடுத்த கோட்டுக்கு என்ன வரணும்னு ப்ரோக்ராம் சொல்லியாகணும், ஒரு கோட்டுக்கு பிராசஸருக்கு கிடைக்கறது 76 சைக்கிள், அதாவது 76 துடிப்பு நேரம்தான், தாமதமானா படம் குலைஞ்சுடும். வன்பொருள் குடுத்தது ரெண்டு ஆட்டக்காரர் உருவம், ரெண்டு குண்டு, ஒரு பந்து, பின்னணிக்கு கட்டம் கட்டமா ஒரு கோலம், அவ்வளவுதான். பாங் மாதிரியும் டாங்கு சண்டை மாதிரியும் கேம் ஓடினா போதும்னு கணக்குப் போட்டு செஞ்ச மெஷின் அது.

இந்த நெருக்கடிக்குள்ள ஒவ்வொருத்தரும் என்ன பண்ணாங்கங்கறதுதான் இந்தப் பாகத்தோட சுவை. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவோட யார்ஸ் ரிவெஞ்ச், 1982. ஸ்க்ரீன் நடுவுல கலர் கலரா ஒரு பட்டை மின்னிட்டே இருக்கும், அதுக்குள்ள போனா எதிரியோட குண்டு உங்களைத் தொடாது, நீங்களும் சுட முடியாது. அந்தப் பட்டைக்குன்னு தனியா படம் வரைஞ்சு வைக்க இடம் இல்ல, அதனால கேமோட ப்ரோக்ராம் கோடையே எடுத்து படமா காட்டிட்டார். கண் முன்னாடி மின்னறது அந்த கேமோட ப்ரோக்ராம். தெரிஞ்சப்புறம் நான் சுடறதை விட்டுட்டு அதுக்குள்ளயே நின்னு பாத்துட்டு இருந்தேன்.

அட்வெஞ்சரும் அப்படித்தான். வாரன் ராபினெட் பண்ணது, 4 கேபி கேட்ரிஜ். கோட்டை, சாவி, வாத்து மாதிரி இருக்கற டிராகன், எல்லாத்தையும் திருடிட்டுப் பறக்கற ஒரு வௌவால். அப்போ அட்டாரி பண்ணவங்க பேரை கேம்லயோ டப்பாலயோ போட மாட்டாங்க, அதனால ராபினெட் யாருக்கும் சொல்லாம ஒரு ரகசிய அறை கட்டிட்டார். கருப்பு கோட்டைக்குள்ள இருக்கற மேஸ்ல, அதாவது புதிர்ப்பாதைல, நடந்து போய் சேர முடியாத ஒரு அறை இருக்கு, பாலத்தை எடுத்துட்டுப் போய் அதுல நுழைஞ்சா பின்னணி நிறத்துலயே ஒரே ஒரு புள்ளி, கண்ணுக்கு சட்டுனு தெரியாது, மேல மோதினாதான் ஒட்டிக்கும். அதைத் தூக்கிட்டு மஞ்ச கோட்டைக்குக் கீழ வலது பக்கம் இருக்கற இடத்துக்கு வந்து, இன்னும் ரெண்டு பொருளையும் அங்க கொண்டு வந்து போட்டா, ஒரே நேரத்துல அத்தனையும் வரைய முடியாம மெஷின் திணறி எல்லாம் மினுமினுக்க ஆரம்பிக்கும், அப்போ வலது பக்கம் தடுப்பா நிக்கற கோடைத் தாண்டிப் போகலாம். உள்ள போனா அவர் பேர் செங்குத்தா கலர் மாறி மாறி எரியும். ஒரு பையன் கண்டுபிடிச்சு கம்பெனிக்கு லெட்டர் போட்டான், அதுக்குள்ள ராபினெட் வேலையை விட்டே போயிட்டார். தயவுசெஞ்சு வீடியோல பாத்துடாதீங்க, இதை நீங்களே பண்ணிப் பாருங்க. வௌவால் நடுவுல வந்து பாலத்தைத் தூக்கிட்டுப் போகும், பொறுமையா இருங்க.

பேர் போடாத இந்தப் பிரச்சினை அதோட நிக்கலை. 1979ல டேவிட் க்ரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட்னு நாலு நல்ல ப்ரோக்ராமர்கள் தாங்க பண்ண கேம் எவ்வளவு வித்துதுன்னு பாத்துட்டு, பேரும் பங்கும் கேட்டாங்க, கிடைக்கலை, வெளிய போய் ஆக்டிவிஷன் ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் செஞ்ச கன்சோலுக்கு இன்னொருத்தர் கேம் பண்ணி விக்கறதுங்கற தொழிலே அங்கதான் பொறக்குது.

இந்த இடத்துலதான் கலெக்‌ஷனோட பெரிய குறையும் தெரியுது. ஆக்டிவிஷனோட பிட்ஃபால் இதுல இல்ல. அதே ஆக்டிவிஷன்ல கரோல் ஷா பண்ண ரிவர் ரெய்டும் இல்ல, அட்டாரில ஆரம்பிச்ச அவங்களோட பேர் சொல்ற கேம் அது. 1980ல 2600ஐ அமெரிக்கா முழுக்க விக்க வச்ச ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இல்ல, அது ஜப்பான் டைட்டோவோடது. எழுபது லட்சத்துக்கு மேல வித்து, ஆனா பேய்கள் மினுமினுக்குதுன்னு வாங்கினவங்க ஏமாந்த 1982 பேக்மேன் இது வெளிவந்தப்போ இல்ல, அது நாம்கோவோடது. வார்ஷா அஞ்சே வாரத்துல முடிச்ச, ஈ.டி. படத்தோட கேமும் இல்ல. உரிமை வேற வேற கைல இருக்கு, புரியுது. ஆனாலும் 2600ஓட கதையைத் திருப்பிப் போட்ட கேம்ஸ்னு ஒரு அஞ்சு சொல்லச் சொன்னா இதெல்லாம்தான் வரும், வெளிவந்தப்போ அதுல ஒண்ணைக்கூட இங்க ஆட முடியலை. பண்ணவங்க பேசறதைக் கேக்கலாம், பட்டனைத் தேடினா பட்டன் இருக்காது. ஆட வச்சு சரித்திரம் சொல்றதுதான் இதோட பலம்ங்கறப்போ, முக்கியமான பக்கங்கள்லயே அந்தப் பலம் இல்லாம போறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1983 வீழ்ச்சியோட கணக்கை கொஞ்சம் சொல்றேன், டைம்லைன் பாக்கும்போது உதவும். 1982 டிசம்பர்ல வார்னர் எதிர்பாத்த லாபம் வராதுன்னு அறிவிச்ச உடனே ஷேர் மூணுல ஒரு பங்கு விழுந்துது. அடுத்த வருஷம் அட்டாரிக்கு 50 கோடி டாலருக்கு மேல நஷ்டம். கடைகள்ல யார் யாரோ பண்ண தரமில்லாத கேட்ரிஜ் குவிஞ்சு கிடந்துது, விக்காததை நியூ மெக்ஸிகோல அலமகோர்டோங்கற ஊர்க் குப்பைமேட்டுல லாரி லாரியா கொட்டிப் புதைச்சாங்க. 2014ல தோண்டி சுமார் 1300 கேட்ரிஜ் எடுத்தாங்க, அதுல ஈ.டி. மட்டும் இல்ல, நல்லா வித்த கேம்ஸும் இருந்துது. ஒரு மோசமான கேமால தொழிலே அழிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விக்கறதுக்கு மேல செஞ்சாங்க, பண்ணவங்களை விட்டுட்டாங்க, வீட்டுக் கம்ப்யூட்டரோட போட்டியும் விலைச் சண்டையும் வேற, எல்லாம் சேந்து வந்த வீழ்ச்சி.

1984ல இன்னொண்ணு நடந்துது, அதைத் தெரிஞ்சுக்கலைன்னா இந்த கலெக்‌ஷன்ல ஆர்கேட் கேம்ஸ் ஏன் 80கள் நடுவுல திடீர்னு நிக்குதுன்னு குழப்பமா இருக்கும். வார்னர் அட்டாரியை ரெண்டா உடைச்சுது. வீட்டு கன்சோல், கம்ப்யூட்டர் பக்கத்தை காமடோர்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனியை ஆரம்பிச்ச ஜாக் ட்ரமியெல் வாங்கினார். ஆர்கேட் பக்கம் அட்டாரி கேம்ஸ்னு தனியா போச்சு, அது பண்ண மார்பிள் மேட்னெஸ், பேப்பர்பாய், காண்ட்லெட் எல்லாம் இன்னைக்கு வார்னர் கைல இருக்கு. அதான் இதுல இல்ல.

இருக்கற ஆர்கேட் கேம்ஸ் நல்லாவே இருக்கு. ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட் மாதிரி வெக்டர் கேம்ஸை பெரிய டிவில, முக்கியமா ஓஎல்இடில பாருங்க, இருட்டுக்குள்ள கோடு மட்டும் எரியற அந்த அழகு நல்லா வந்திருக்கு. டேவ் தியூரர் பண்ண மிஸைல் கமாண்ட், 1980, பனிப்போர் பயம் அப்படியே உள்ள இருக்கற கேம். ஆறு நகரத்தைக் காப்பாத்தணும், முதல்ல யோசிச்சப்போ அதெல்லாம் கலிஃபோர்னியா கடற்கரை ஊர்கள். எவ்வளவு நல்லா ஆடினாலும் கடைசில எல்லா நகரமும் அழியும், வழக்கமா வர்ற கேம் ஓவர் வராது, வெடிப்புக்கு நடுவுல தி எண்ட்னு வரும். இதைப் பண்ணிட்டிருந்த காலத்துல தியூரருக்கு அணுகுண்டு கனவா வந்து தூக்கமே போச்சாம். குறை என்னன்னா இதுக்கு ட்ராக்பால் வேணும், உள்ளங்கையால உருட்டி ஒரே வீச்சுல மூலைக்குப் போறதை கட்டைவிரல் ஸ்டிக்ல பண்ண முடியாது. சென்டிபீடும் அதே கதை, எட் லாக்கும் டோனா பெய்லியும் சேந்து பண்ணது, அந்த இதமான கலர்ஸ் இப்பவும் புதுசா இருக்கு, கை மட்டும் தடுமாறும். டெம்பெஸ்ட்டுக்கு சுழற்றற குமிழ் வேணும், அதுவும் ஸ்டிக்ல பாதி ருசிதான்.

அரிய சரக்குன்னு பாத்தா அக்கா ஆர். 1982ல சோதனைக்கு மட்டும் வச்சு, ஜனங்களுக்குப் புரியலைன்னு கைவிட்ட கேம், உலகத்துல மூணு கேபினெட்தான் இருக்கறதா சொல்லுவாங்க. இங்க வீட்டுல உக்காந்து ஆடலாம். தியூரரோட ஐ ரோபாட்டும் இருக்கு, 1984ல நிறம் நிரப்பின பாலிகன் (பல கோணத் துண்டு) வச்சு முப்பரிமாணம் காட்டின ஆர்கேட் கேம், அப்போ ஓடலை, இப்போ பாத்தா எவ்வளவு முன்னாடி யோசிச்சிருக்கார்னு வாய் பிளக்கும்.

ஸ்வார்ட்க்வெஸ்ட்னு ஒரு தொடர், நாலு கேம், கேட்ரிஜோட ஒரு காமிக்ஸ், ரெண்டுலயும் இருக்கற துப்பைக் கண்டுபிடிச்சா தங்கத்துல வைரம் பதிச்ச பரிசு, மொத்த மதிப்பு ஒன்றரை லட்சம் டாலர். கம்பெனி விழுந்ததால நாலாவது ஏர்வேர்ல்ட் வரவே இல்ல. அதை டிஜிட்டல் எக்லிப்ஸ் இப்போ புதுசா பண்ணி சேத்திருக்காங்க. கேமா பாத்தா சுமார்தான், ஆனா நாப்பது வருஷமா காலியா கிடந்த இடத்தை நிரப்பணும்னு தோணிச்சே, அதுக்கு ஒரு கும்பிடு. புதுசா பண்ண ஆறு கேம்ல எனக்குப் பிடிச்சது வெக்டர் செக்டர், ஆஸ்டராய்ட்ஸ், லூனார் லேண்டர், டெம்பெஸ்ட் எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல கோத்திருக்காங்க.

கம்ப்யூட்டர் பாகம் எனக்கு அவ்வளவு ஒட்டலை, சீக்கிரம் நகந்துட்டேன். கடைசிப் பாகத்துல லின்க்ஸ், 1989ல கலர் ஸ்க்ரீனோட வந்த கைல பிடிக்கற மெஷின், இடதுகைக்காரங்க தலைகீழா திருப்பிப் பிடிச்சு ஆடலாம், அந்த அளவுக்கு யோசிச்சும் நின்டெண்டோவோட கேம் பாயோட மல்லுக்கட்ட முடியலை. அட்டாரியோட வீட்டு கன்சோல் ஜாகுவார் 1993, இரண்டரை லட்சம்கூட விக்கலை. அதிகாரப்பூர்வமா ஜாகுவார் கேம்ஸை வேற எங்கயும் பாக்கறது கஷ்டமா இருந்த நேரத்துல இவங்க ஓட வச்சிருக்காங்க, ஜெஃப் மின்டரோட டெம்பெஸ்ட் 2000 ஒண்ணுக்காகவே அந்த உழைப்பு தகும், அந்தப் பாட்டோட இரவு முழுக்க ஆடலாம். மத்த ஜாகுவார் கேம்ஸ் பாதியை பாத்துட்டு நகந்துடலாம்.

கம்பெனி தன் கதையைத் தானே சொல்லுதேன்னு எனக்கு முதல்ல ஒரு சந்தேகம் இருந்துது. வேலை செஞ்சவங்க மேலிடத்தைப் பத்தி இருந்த கசப்பையும் பேட்டில பேசறாங்க, தோத்த மெஷினைத் தோத்ததாவே காட்டறாங்க. 90களுக்கு அப்புறம் அட்டாரிங்கற பேர் கை மாறி கை மாறிப் போன காலத்தை மட்டும் வேகமா தாண்டிடறாங்க, அங்க இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்.

2024ல ரெண்டு டிஎல்சி, அதாவது தனியா வாங்கிச் சேத்துக்கற கூடுதல் பாகம், வந்துது. தி ஃபர்ஸ்ட் கன்சோல் வார்ங்கறதை கட்டாயம் எடுங்க, 2600க்கும் மேட்டெலோட இன்டெலிவிஷனுக்கும் நடந்த சண்டை, அந்த இன்டெலிவிஷன் பேரையே அட்டாரி 2024ல வாங்கிடுச்சு, அதனால ரெண்டு பக்கமும் பேச முடிஞ்சிருக்கு. இன்னொண்ணு தி வைடர் வேர்ல்ட் ஆஃப் அட்டாரி, முதல் ரவுண்டு முழுசா பாத்து முடிச்சவங்களுக்கு. புதுசா வாங்கறவங்க ரெண்டும் சேந்த எக்ஸ்பாண்டட் எடிஷன் சேல்ல வர்ற வரைக்கும் காத்திருங்க. ஸ்விட்ச் இருந்தா 2600, லின்க்ஸ் கேம்ஸுக்கு அது வசதி, வெக்டர் கேம்ஸை மட்டும் டிவில போட்டுக்கோங்க. பேட்டி எல்லாம் இங்கிலீஷ்லதான். பசங்களோட ஆடறதா இருந்தா வார்லார்ட்ஸ்ல ஆரம்பிங்க, நாலு பேர் ஒரே நேரத்துல ஆடலாம், விதி சொல்லித் தரவே வேணாம்.